இரவல் அக்கா

தெருவில் இறங்கினால் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இரவல் அக்கா, இன்னிக்கு என்ன வேணும்?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்பார். "உங்க கடை சாவி" என்பாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல். மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் பருப்பை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள்.

முன்பு பேருந்து நிலையத்தில், வண்டி புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை. அந்தக் குரலைக் கேட்ட தொலைக்காட்சிக்காரர் ஒருவர் நகைச்சுவைத் தொடரில் ஒரே ஒரு காட்சிக்கு அழைத்தார். பக்கத்து வீட்டுக்காரி சல்லடை இரவல் கேட்க வேண்டும், வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இவள் சல்லடையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "இதவிட நல்லதா ஒண்ணு இல்லையா?" என்று தானாகச் சேர்த்துவிட்டாள். அரங்கம் குலுங்கியது. அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் வந்து நின்றிருப்பாள். அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அந்தத் தொடரைப் பார்வையாளர்களை உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள். கடைசி வரிசையில் அவள் கணவர் இருப்பார். அச்சகத்தில் பெரிய மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். எல்லாரும் சிரித்து அடங்கும் நேரத்தில் அவர் மட்டும் தனியாக ஆரம்பிப்பார். "எங்க வீட்டுக்காரருக்கு எதுவும் கொஞ்சம் லேட்டாத்தான் மண்டையில ஏறும்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு காதில் விழாமல் அடுத்த வசனத்தைத் தொடமாட்டாள். அந்த இடைவெளியே அவளுடைய முத்திரையாகிப் போனது.

வருஷங்கள் கழித்துப் புது இயக்குநர் வந்தார். இனிப் பார்வையாளர்கள் வேண்டாம், சிரிப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். காலியான நாற்காலிகளுக்கு முன்னால் இவள் வசனத்தைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் காத்து நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, வசனம் எடுத்துக் கொடுப்பவர் அடுத்த வரியை உரக்கச் சொன்னார். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அதே கதை.

"அக்கா, வயசாச்சுன்னா மறதி வரும், தப்பில்ல" என்றார் இயக்குநர். "ஆனா மத்தியானத்துக்குள்ள இந்தக் காட்சி சரியா வரலேன்னா, பக்கத்து வீட்டுக்கு வேற ஆளத்தான் குடி வைக்கணும்."

"எனக்கா மறதி?" என்றாள். "என் வீட்டுக்காரரக் கொண்டுவந்து கடைசி வரிசையில உக்கார வைங்க தம்பி. ஒரே தடவையில முடிச்சுத் தரேன்."

தலையைப் படிய வாரிக்கொண்டு அவர் வந்து உட்கார்ந்தார்.

காட்சி இதுதான்: வெளியே மழை. இவள் எப்போதோ இரவல் வாங்கிப் போன குடையை, அதன் சொந்தக்காரரே இவளிடம் கெஞ்சிக் கேட்கிறார். "குடுக்கறேன்" என்றாள் இவள். "ஆனா சாயங்காலம் பத்திரமா திருப்பிக் குடுத்துடணும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. கடைசி வரிசையில் கணவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வலப்பக்கம். இரண்டு பக்கமும் நாற்காலிகள்தான் இருந்தன.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் அவர் பக்கத்திலிருந்த முகங்களைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார். அந்த மெஷின் அவர் காதைத் தின்றுவிட்டது. தனக்கு எதுவுமே தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

வசனம் எடுத்துக் கொடுப்பவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் குடையை நீட்டினாள். குடைக்குச் சொந்தக்காரராக நடித்தவர் பிடித்து இழுத்தார். இவள் விடவில்லை. முகத்தில் தாராள குணம் வழிய, கை மட்டும் பிடியைத் தளர்த்தாமல், அவர் இழுத்த இழுப்புக்கு வாசல்வரை சறுக்கிக்கொண்டே போனாள். கதவருகே, "எடுத்துக்கங்களேன்" என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

கடைசி வரிசையிலிருந்து சிரிப்பு வெடித்தது. யாரையும் பார்க்காமல், சரியான நேரத்தில், அவருடைய சொந்தச் சிரிப்பு. அதைக் கேட்டு விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

"நடுவுல விழுந்த அந்தச் சிரிப்ப அழிச்சிடவா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் இயக்குநர். பிறகு அவளிடம், "அடுத்த வாரமும் சாரைக் கூட்டிட்டு வந்துடுங்கக்கா."

"நாற்காலிய முன்வரிசையில போடுங்க, வர்றோம்" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவரை நிறுத்தி, முகத்துக்கு நேராக நின்று கேட்டாள். "எத்தனை நாளா காது கேக்கல?"

"சொன்னா வர வேணாம்னுடுவியே" என்றார் அவர். "நாடகத்துல நீ கதவத் திறந்துட்டு வர்றத பாக்கணும், எனக்கு அது போதும்." கொஞ்சம் தயங்கினார். "ஆமா, அந்தக் குடையக் குடுக்கறப்ப என்னதான் சொன்னே?"

அவர் காதோடு குனிந்து அந்த வசனத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவள் அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.