மயோர்காவில் ஒரு சர்க்கரைச் சொந்தம்

போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகி என்னை மடக்கிப் பிடித்தார். "ஸ்பெயின்ல ஏதோ தீவுக்குப் போயிட்டு வந்தீங்களாமே! நாங்களும் போலாம்னு இருக்கறோம். எதைப் பாக்கறது, எதைச் சாப்பிடறதுன்னு எழுதுங்க."

எழுதுகிறேன். ஆனால் பர்வீனை விட்டுவிட்டு எழுத முடியாது.

பர்வீன் என் பள்ளித் தோழி. தருமபுரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாள். அவள் மகள் நஸ்ரினுக்கு பார்சிலோனாவில் வேலை. அவளைப் பார்க்கப் போன எங்கள் இருவரையும், "எனக்கு லீவு இல்ல, நீங்க மயோர்கா தீவைச் சுத்திட்டு வாங்க" என்று விமானம் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

என்ன பார்க்கலாம்? பால்மா நகரில் கடலைப் பார்த்து நிற்கும் பிரம்மாண்டமான கதீட்ரல். மலைக்குள் புகுந்து போகும் பழைய மரப்பெட்டி ரயில். என்ன சாப்பிடலாம்? ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். சும்மா சொல்லக் கூடாது... பிரமாதம்!

எப்போது சாப்பிடலாம்? அங்கேதான் வந்தது வினை.

ரயிலில் போய், பஸ் பிடித்து, ஒரு மலைக் கிராமத்தில் இறங்கினோம். உச்சி வெயிலில் சாப்பாடு கேட்டால், "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்றார்கள். சரி, அதுவரை நடக்கலாமே என்று ஆலிவ் தோப்புக்குள் ஏறினோம். வழி தவறியது. சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தபோது அடுப்பை அணைத்திருந்தார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மதியத் தூக்கம்!

பர்வீனுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் வேறு போட்டிருந்தாள். கைப்பையில் இருந்த மிட்டாயெல்லாம் தோப்பிலேயே தீர்ந்துவிட்டது.

"சாந்தி... கை நடுங்குதுடி" என்றாள். முகமெல்லாம் வேர்வை.

ஒரே ஒரு பேக்கரி, அதையும் மூடிக்கொண்டிருந்தார்கள். ஓடினேன். மிச்சமிருந்தது ஒரே பண்டம் — என்சைமாடா. நத்தைக் கூடு போலச் சுருட்டி, மேலே சர்க்கரைப் பொடி தூவிய பன். அந்தத் தீவில் பேர்போனது. வாங்கிவந்து நீட்டினால், தொடமாட்டேன் என்கிறாள். பேரில்தான் மாடு, மாவில் பன்றிக் கொழுப்பு! நஸ்ரின் முதலிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

"உசுரு போற நேரத்துல தப்பில்லன்னு உங்க மார்க்கத்துலயே இருக்குதில்ல? தின்னுடி!"

"இருக்குதுதான். வேற வழியே இல்லன்னாத்தான் அது. அந்த வூட்டுல பாரு, ஆரஞ்சு தொங்குது... அதைப் பாத்தப்புறம் அல்லாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

நடுங்கிக்கொண்டே பாயின்ட் பேசுகிறாள்!

அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். தட்டவில்லை, இடித்தேன். பனியனோடு ஒரு பெரியவர் எரிச்சலாக எட்டிப் பார்த்தார். "சுகர்! சுகர்!" என்று கத்தினேன். மனிதர் உள்ளே போனார்... ஒரு கப்பில் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். காபிக்குக் கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துவிட்டார் போல!

கையைப் பிடித்து இழுத்துத் தெருவைக் காட்டினேன். சுவரில் சாய்ந்திருந்த பர்வீனைப் பார்த்ததும் "மரியா!" என்று ஒரு குரல் கொடுத்தார். அவர் மனைவி ஓடி வந்தார். பர்வீனைத் தாங்கிப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார். மேஜை டிராயரைத் திறந்து அவர் எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. சர்க்கரை பார்க்கும் மெஷின்! அவருக்கும் அதே வியாதி. புது ஊசியால் விரலில் குத்தி, நம்பரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அதற்குள் பெரியவர் ஆரஞ்சுகளைப் பறித்துவந்து பிழிந்து, சர்க்கரையும் கலந்து நீட்டினார்.

பர்வீன் குடித்தாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. வாயைத் திறந்தாள்.

"ஒரு சிட்டிகை உப்பு போட்டிருக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. அவளை நாலு சாத்து சாத்தலாமா என்றும் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு பெண்களும் மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பினார்கள். இவள் தமிழில் பேச, அவர் ஸ்பானிஷில் பேச... மாத்திரைப் பெயர் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. வெளிநாட்டில் சிநேகம் பிடிக்க மொழி எதற்கு? ஒரே வியாதி இருந்தால் போதாதா?

மரியா ஒரு பாதாம் கேக் கொண்டுவந்தார். பர்வீன் சந்தேகத்தோடு பன்றி போல உறுமிக் காட்டினாள். மரியா விழுந்து விழுந்து சிரித்து, பாதாமையும் முட்டையையும் எடுத்துக் காட்டினார். அவ்வளவுதானாம். ஆளுக்குப் பாதித் துண்டு என்று தொடங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறு பாதியும் போனது.

சாயங்காலம் நஸ்ரின் வீடியோ காலில் வந்தாள்.

"குகை பாத்தீங்களா? பீச்சுக்குப் போனீங்களா?"

"எங்கடி நேரம்? மரியம்மா வூட்டுலயே உக்காந்துட்டோம்."

"மரியம்மாவா? மயோர்காவுல நமக்கு யாருமே இல்லியேம்மா!"

"காலைல வரைக்கும் இல்லதான்" என்றாள் பர்வீன்.