சிவப்புக் குளிசை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். கலியாணம் முடிந்ததும் ஆண் போய் அங்கே குடியிருப்பான். உடம்பு சுகமாக இருக்கும்வரை அது அவனுக்கும் வீடுதான். எனக்குக் கசநோய் என்று தெரிந்த அன்று மாமி ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. என் பாயைச் சுருட்டித் தலையணையோடு வாசல் கதவில் சாத்தி வைத்தார். நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு, கூடப் பிறந்த ராத்தா வீட்டுக்கு நடந்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

ராத்தா தன் வளவில், மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓலையால் மறைத்து இடம் தந்தார். கோப்பை தனி, தண்ணீர்ச் செம்பு தனி. ஒன்றரை வருடம் ஊசி போட்டார்கள். காது இரையத் தொடங்கியது. தலை சுற்றியதால் வயல் வரம்பில் நேராக நடக்க முடியவில்லை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் நான் செய்துவந்த துண்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. விதைப்புக் காலம் யாருக்காகவும் காத்திருக்காது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி சோறும் இறைச்சி ஆணமும் கொண்டு வருவாள். மகளைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே வருவாள். மகள் கையை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன்.

அவ்வளவு ஊசிக்குப் பிறகும் சளியில் கிருமி இருந்தது. அப்போதுதான் டொக்டர் புது மருந்து வந்திருக்கிறது என்றார். ஒன்பது மாதம் குளிசை விழுங்க வேண்டும். இரண்டு மாதத்தில் சளி சுத்தம் என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர வேறு எதுவும் என் தலையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர் ஒரு நர்ஸ் மிஸ்ஸி, காரைதீவுப் பக்கத்துப் பெண். பின்னால் நீள வாங்கில் நாலைந்து பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு இருந்தார்கள்.

"காக்கா, இஞ்ச பாருங்க. இந்தச் சிவப்ப விடியவே வெறுவயித்தில போடணும். போட்டா, சலம்…"

சிறுநீரைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது. பின்னால் பெண்கள் இருக்கிறார்கள்.

"ஓம் மிஸ்ஸி. ஓம், ஓம், விளங்கிட்டு."

"என்ன விளங்கிட்டு? நான் இன்னும் சொல்லவே இல்ல. நில்லுங்க காக்கா! பொண்ணு பாக்க வந்த வீட்டில குமர்ப்புள்ள ஓடுற மாதிரி ஓடுறீங்க!"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மருந்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்தில் சிறுநீர் சிவப்பாகப் போனது. இரத்தம் என்றே நினைத்தேன். ஊசி காதைத் தின்றது, இது உள்ளே வேறு எதையோ தின்கிறது என்று பயந்தேன். மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டுத் தொப்பியைக் கழற்றினால் அதன் ஓரமும் மஞ்சள் சிவப்பாக இருந்தது. வியர்வையிலும் இரத்தமா? இரத்தம் நஜீஸ், அசுத்தம். நஜீஸோடு பள்ளியில் மற்றவர்களுக்குப் பக்கத்தில் தோள் உரசி நிற்க முடியாது. அன்றிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை.

யாரிடம் கேட்பது? பள்ளி லெப்பையிடம் கேட்டால் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்பார். ராத்தாவும் மனைவியும் பெண்கள். மனைவியோடு பத்து வருடம் வாழ்ந்தும் அப்படியான ஒரு சொல் எங்களுக்குள் வந்ததில்லை.

ஐந்தாம் நாள் மற்றக் குளிசைகளை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் வாழைக்கடியில் புதைத்தேன். இரண்டு நாளில் எல்லாம் தெளிந்துவிட்டது. நான் நினைத்தது சரி என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். மாதத்துக்கு ஒரு முறை மிஸ்ஸி, "சிவப்பும் போடுறீங்கதானே?" என்று கேட்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்பேன்.

இரண்டு மாதத்தில் சளி சுத்தம் என்று வந்தது. டொக்டர் எழுதித் தந்த துண்டை மாமியிடம் நீட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

"வாங்க மருமகன். இரிங்க" என்றார்.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு எல்லோரும் ஒரு சகன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். மகள் என் மடியில் ஏறி இருந்துகொண்டு இறைச்சியை என் பக்கத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

"வாப்பாக்கு எலும்புதான் கிடக்கு. சதைய வையடி" என்றாள் மனைவி.

"வாப்பாட உடம்பு முழுக்க எலும்புதானே" என்றாள் மகள். மாமிகூடச் சிரித்தார்.

மழைக்காலம் தொடங்க இருமல் திரும்பியது. பனி பட்டது என்றேன். சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது முகத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு இருமினேன். மனைவி முதுகைத் தடவிவிடுவாள். ஒரு மாதம் அப்படியே போனது. ஒரு காலை கிணற்றடியில் வாய் நிறையச் சூடாக வந்தது. துப்பினேன். கடும் சிவப்பு, கொழகொழவென்று சீமெந்தில் ஒட்டிக்கொண்டது. இரத்தம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் விளங்கியது. முன்பு கண்டது இதுவல்ல.

மிஸ்ஸியிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கில் யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை.

"ஐயோ காக்கா, அது மருந்துட சாயம்! வேர்வையும் கண்ணீரும் அப்பிடித்தான் வரும், பயப்படாதீங்க எண்டுதானே அண்டைக்குச் சொல்ல வந்தன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டில ஆராரு இரிக்காங்க? எல்லாரையும் கூட்டி வாங்க."

மகளுக்கும் மாமிக்கும் ஒன்றுமில்லை. மனைவியின் நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் மேலே வெள்ளையாக இருந்தது. டொக்டர் விரலால் தொட்டுக் காட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். சிவப்புக் குளிசை போட்டால் என்ன நடக்கும் என்று முழுதாகச் சொன்னேன். நான் ஏன் அதைப் போடவில்லை என்றும் சொன்னேன். அவள் யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். "பத்து வருசம் ஒரு பாயில படுத்தனான்."



இரண்டு பேருக்கும் ஒரே நோய், இனி நான் தனியாகப் போய் இருக்கத் தேவையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமி மகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்த வளவில் இருந்த தன் பழைய வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். விடியவே எழும்பிச் சிவப்பை விழுங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் குடிப்போம்.

அவள் ஒன்பது மாதத்தில் தேறினாள். எனக்கு மறுபடி ஊசியும் சேர்த்து ஒன்றரை வருடம் எடுத்தது. எல்லாம் முடிந்தது என்று துண்டு வந்த பிறகு மகளைக் கூப்பிட்டோம். வந்தாள். பகலில் உம்மாவோடு இருந்தாள், சாப்பிட்டாள், நான் கேட்டவற்றுக்குப் பதில் சொன்னாள். பொழுதுபட, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் எழும்பிச் செருப்பைப் போட்டாள்.

"எங்க போறாய்?" என்றாள் மனைவி.

"வீட்டுக்கு" என்றாள் மகள்.

மனைவி என்னைப் பார்த்தாள். இரி மகள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் தன் கலியாணம் முடியும்வரை மாமி வீட்டிலேயே வளர்ந்தாள்.