பக்கத்து வீட்டு மோட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாத வெயிலில், ஊர்காவற்றுறைப் பக்கம் நாரந்தனையில் நடந்தது இது. நான் பாடசாலை ஆசிரியை. கொஞ்சம் முன்கோபக்காரி. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா தோட்டம் செய்கிறவர். கத்தரியும் மிளகாயும் அவர் கைபட்டால் காய்த்துத் தள்ளும்.

திடீரென்று ஒருநாள் அவருடைய தண்ணீர் மோட்டரின் இரைச்சல் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. கொப்பி திருத்த முடியவில்லை, கண்ணயர முடியவில்லை. வேலியடியில் நின்று நன்றாகப் பொரிந்து தள்ளிவிட்டு வந்தேன். அவர் நிப்பாட்டுறன் என்று மட்டும் சொன்னார்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று அவருடைய வளவுக்கே போய்விட்டேன். அக்கா கிணற்றடியில் வாளியோடு நின்றார்.

"இப்பவும் உங்கட மோட்டர் ஓடுதக்கா. எனக்கு ஏலாமல் கிடக்கு."

"ரீச்சர், முந்தநாள் தொடக்கம் மோட்டர் ஓடேல்லை. நான் வாளியாலதான் அள்ளுறன்."

பிறகு, காதைப் பொத்திப் பார்க்கச் சொன்னார். பொத்தினேன். சத்தம் கூடியது. இரைச்சல் என் காதுக்குள்ளேதான். செவிடாகிவிட்டால் வகுப்பில் எப்படி நிற்பது? அங்கேயே அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அக்காவும் என்னோடு யாழ்ப்பாணம் வந்தார். டொக்டர் காதுக்குள் பார்த்தார், பிரஷர் பார்த்தார். காது அழுக்கு, பெரிய சத்தத்தில் வேலை, வயது என்று காது இரைவதற்குப் பல காரணம் உண்டாம். என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டார். முழங்கால் நோவுக்கு அஸ்பிரின், எப்போதாவது ஒன்றிரண்டு என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ ரீச்சர்," என்றார் அக்கா. "வேலிக்கு இஞ்சால நிண்டு பாக்கிறனான், ஒரு நேரத்துக்கு மூண்டு நாலு போடுறவ, டொக்டர். நாளுக்குப் பத்துக்கு மேல வரும்."

டொக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அளவுக்கு மீறிப் போட்டால் அந்தக் குளிசையே காதை இரைய வைக்குமாம். அதை நிறுத்திவிட்டு, முழங்காலுக்கு வேறு மருந்து தந்தார். ஒரு கிழமைக்குள் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

அதைச் சொல்ல ஓடிப்போனபோது அக்கா தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தண்ணீர் அள்ளியதில் பிடித்த நோ. எனக்கு வெட்கமாகிவிட்டது. மோட்டரில் பிழையில்லை என்று முதல் நாளே என்னை ஏசியிருக்கலாமே என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கேக்குது எண்டு சொன்னீங்கள். அப்ப என்னவோ கேட்டுத்தானே இருக்கும்," என்றார்.

வகுப்பில் ஒரு பிள்ளை வயிறு நோகுது, தலை நோகுது என்று வந்தால், சாட்டுச் சொல்லாதே என்று விரட்டி வந்த ஆள் நான். இப்போதெல்லாம், நோகுது என்று பிள்ளை சொன்னால் நோகத்தான் செய்கிறது என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருத்தி விசாரிக்கிறேன்.