விதிகளைச் சொன்னால் போதும்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் நண்பனும் சென்னையில் பார்த்துவந்த வேலைகளை விட்டுவிட்டு, ஊரப்பாக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், ரயில் போகும்போதெல்லாம் அதிரும் ஜன்னல். அவன் மதுராந்தகத்துக்காரன். செங்கல்பட்டு வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயின் பிடிப்பான்.

ஒரு கம்பெனியில் ஒரு வேலை யாரிடம் தொடங்கி, யார் யார் கைக்குப் போய், எங்கே முடிய வேண்டும் என்பதை அப்போதெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து கட்டம் கட்டமாக வரைவார்கள். வரைந்து முடிப்பதற்குள் கம்பெனி ஏதாவது ஒரு விதியை மாற்றிவிடும். மறுபடியும் முதலிலிருந்து வரைய வேண்டும். பழைய வேலையில் அதையே செய்து அவன் அலுத்துப்போயிருந்தான்.

"இன்னாத்துக்கு மச்சான் நாம வரையணும்? எது கூடும், எது கூடாதுன்னு அவங்க சொல்லட்டும். எதுக்கப்புறம் எதுன்னு மிஷினே போட்டுக்கட்டும்" என்றான். அப்படி ஒரு புரோகிராம் எழுதத்தான் அந்த அறை.

மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் இருந்த ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி, செய்து காட்டுங்கள் பார்ப்போம் என்றது. விதிகளைக் கேட்டு வாங்கப் போனது அவன்தான். யாரையும் பேச வைத்துவிடுவான். மேனேஜரிலிருந்து ஐஸ் உடைப்பவர் வரை எல்லோரோடும் டீ குடித்துவிட்டுத் திரும்புவான். சோதனை முடியாமல் லோடு வெளியே போகக்கூடாது. சோதித்தவரே அனுமதி தரக்கூடாது. இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்களாக அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் புரோகிராம் முடிவே இல்லாமல் சுற்றும். மாதக்கணக்கில் அப்படித்தான் சுற்றியது. ஒருநாள் மதியம் முதன்முறையாகக் கட்டங்களின் படம் திரையில் சரியாக வந்து நின்றபோது, அவன் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடி, டெலிபோன் பூத்திலிருந்து மனைவிக்குச் சொன்னான்.

கம்பெனிக்குக் காட்டவேண்டிய நாளன்று காலை அவன் வரவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன் அப்படியே சரிந்துவிட்டான். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. வாயும் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாற்பதுகூட ஆகாதவன்.

கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரியும். ஆனால் வாயில் வந்தது "இல்ல" என்ற ஒரே சொல்தான். பசிக்கிறதா என்றாலும் இல்ல, சந்தோஷமா என்றாலும் இல்ல. ஸ்கூல் டீச்சரான அவன் மனைவிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "வார்த்தையக் கேக்காதீங்கண்ணா. மூஞ்சப் பாருங்க. இப்ப ஆமான்னுதான் சொல்றாரு."

கம்பெனி நாளைத் தள்ளிவைத்தது. மிச்ச வேலையை நான் தனியாக முடித்தேன். காட்டும் நாளில் அவனும் இருக்கவேண்டும் என்று ஒரு கார் எடுத்துக்கொண்டு போய் அவனையும் மனைவியையும் கம்பெனிக்குக் கூட்டிவந்தேன். அவள் அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிவிட்டிருந்தாள்.

படம் வந்தது. மேனேஜர் வேண்டுமென்றே ஒரு விதியை மாற்றச் சொன்னார். வெளிநாட்டு லோடுக்கு இன்னொருவர் அனுமதியும் வேண்டும் என்றார். மாற்றினேன். கட்டங்கள் அழிந்து, நடுவில் புதிதாக ஒன்று முளைத்து, மற்றவை தாமாகவே நகர்ந்து இடம் விட்டன. அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மேனேஜர் நேராக அவனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல" என்றான். பிறகு இன்னும் சத்தமாக, "இல்ல... இல்ல..."

மேனேஜர் கையை விட்டுவிட்டார். "இன்னா சார், எங்கனா தப்பு கீதா?" என்று என்னைப் பார்த்தார்.

"தப்பு இல்ல சார். ரொம்ப சந்தோஷமா இருக்காரு" என்றாள் அவன் மனைவி. அவன் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எல்லோரும் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. நான் அதைப்பற்றிப் பேச்செடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். நானும் பேசுவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், இருவரும் கிரிக்கெட் பார்ப்போம், வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடப்போம். புரோகிராமைச் சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. ஊரப்பாக்கம் அறையைக் காலி செய்தேன்.

சில வருடங்கள் கழித்து, ஓர் ஐப்பசி மழையில் அவனுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகமுடியவில்லை. செய்தி கேட்டு நான் கிளம்பினேன். செங்கல்பட்டைத் தாண்டி ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டிராக்டரில் ஏறியும் நடந்தும் நான் வீட்டை அடைந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அவள் துண்டு கொடுத்தாள், தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

"ரொம்ப நேரம் வெச்சிருந்தோம்ண்ணா. மழ விடல. அதுக்கு மேல வெக்கக்கூடாதுன்னுட்டாங்க."