சேற்றில் வைத்த கூண்டு

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சதுப்பில்தான் அந்த வாத்துக்காரரைப் பார்த்தேன். முழங்கால்வரை சேறு, தாடையில் ஆறாத கீறல்கள். பேசும்போது முகத்தைப் பார்க்காமல், கருவாட்டு நாற்றமடிக்கும் தன் விரல்களை முகர்ந்துகொண்டே இருந்தார். நாணலுக்குள் அவர் வைத்திருந்த கூண்டில் ஒரு காட்டுப்பூனை மாட்டியிருந்தது. அதன் மடி பாலில் கனத்துத் தொங்கியது.

"குட்டி போட்டிருக்கு, விட்டுடுங்க. இல்லேன்னா வனத்துறைக்கு போன் பண்ணுவேன்" என்றேன்.

"என் வாத்துங்கள அது துன்னப்போ யாருக்கு போன் பண்ணே? மாடிலேர்ந்து வேடிக்க பாத்துக்கினுதான இருந்தே?" என்று சீறினார்.

அவர் பூனையின் மடியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கதவைத் தூக்கினார். வெளியே பாய்ந்த பூனை அவர் மணிக்கட்டைக் கிழித்துவிட்டு நாணலில் மறைந்தது. ரத்தத்தைச் சேற்றுத் தண்ணீரிலேயே கழுவினார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றேன்.

"உன் தயவு ஒண்ணும் வோணாம். நானே போய்க்கிறேன்."

கூண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் திரும்பி, முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"குட்டிங்க தானா எர புடிக்கட்டும். அப்பால வருவேன். அப்போ நீ இங்க நிக்காத."

அவர் சொன்னதில் இரக்கம் எது, மிரட்டல் எது என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.