எழுந்து வந்தேன், யாரும் கூப்பிடவில்லை

இன்று ஜிப் பேரத்தில் பாதியிலேயே எழுந்து வெளியே வந்தேன். கடைக்காரச் சீனத்து அம்மா என்னைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. சத்வா கடைத்தெரு டெய்லர்கள் என்னிடம் ஜிப் கிடைக்கும் என்று நம்பிச் சீருடை ஆர்டர் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு சரக்கு இந்த அம்மாவின் குடோனில் மட்டுமே இருக்கிறது.

பேச்சுக்குத் துணையாக எங்கள் பில்டிங் நிவேதாவை அழைத்துப் போயிருந்தேன். சீனாவில் தங்கிச் சீன மொழி படிக்கிறாள், லீவில் வந்திருக்கிறாள்.

அந்த அம்மா ஒரு ஜிப்புக்கு நாற்பது ஃபில்ஸ் காசை விட்டு இறங்கவில்லை. நான் முப்பதிலேயே நின்றேன்.

"வேண்டாம், கிளம்புறோம்னு சொல்லும்மா."

"அங்கிள், காலேஜ் பக்கத்து மார்க்கெட்ல நானும் இப்படி எந்திரிச்சுப் பார்த்தேன். ஒருத்தரும் கூப்பிடல. அந்தக் குளிர்ல ஜாக்கெட் வாங்காமலே ஹாஸ்டலுக்கு நடந்தேன்."

"இருபது வருஷமா எந்திரிச்சு எந்திரிச்சுதான் சம்பாதிச்சேன். நீ சொல்லு."

அவள் சீனத்தில் ஏதோ சொன்னாள், ஆனால் எழவில்லை. நான் மட்டும் வெளியே வெயிலில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் டீ குடித்தார்கள். டெய்லர்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு நானே கதவைத் திறந்தேன்.

"என்னம்மா சொன்னே அவங்ககிட்ட?"

"உங்களுக்கு முக்கியமான போன் வந்திருக்குன்னேன். உக்காருங்க அங்கிள்."

வீறாப்பாக எழுந்துபோய், தானே திரும்பி வந்தவர்கள் இங்கே வேறு யாரும் உண்டா?

முடிந்த விலை முப்பத்தாறு ஃபில்ஸ். சரக்கை நாளையே சத்வாவில் இறக்கித் தருகிறார்கள். அடுத்த தடவை நான் வாயே திறக்கக் கூடாது என்பது நிவேதாவின் கண்டிஷன்.