இரண்டு தடவை பெருக்கியவர்

கல்யாண விருந்தானாலும் சரி, கறுப்பு பிளாஸ்டிக் கரண்டியைக் கண்டால் எங்கள் ஆய்வுக்கூட விஞ்ஞானி எசேனம் அம்மா விடமாட்டார். ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர் கேட்டு, கரண்டியை அதில் போடுவார். மிதந்தால் அதிலேயே குழம்பை அள்ளிக்கொள்வார். மூழ்கினால் கைப்பைக்குள் போய்விடும். "ஆய்வுக்கு வேணும்மா, கோவிச்சுக்காதீங்க." கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் அவரை விருந்துக்கு அழைக்கும் வீடுகளில் கரண்டிகளை ஒளித்து வைக்கிறார்கள்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஓடு எளிதில் தீப்பிடிக்காமலிருக்க அதில் ஒரு நச்சு மருந்து கலந்திருக்கும்; அதனால் கனத்து உப்புத் தண்ணீரில் மூழ்கும். அந்த ஓட்டையே உருக்கிக் கரண்டி வார்த்துவிடுகிறார்கள். "டிவிக்குத் தீப்பிடிக்கக் கூடாது, சரி. வெண்டைக்காய்க் குழம்புக்கு எதுக்குய்யா அது?" என்பார். மூழ்குவதெல்லாம் நஞ்சல்ல என்பதும் தெரிந்தவர்தான். எங்கள் ஆய்வுக்கூட இயந்திரம் சொன்னால்தான் நம்புவார்.

போன ஆண்டு இந்தக் கரண்டிகளில் எவ்வளவு நஞ்சு என்று அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது, வானொலியிலும் பேசினார். சந்தையில் கடை போட்டிருக்கும் கோர்க்கோர் அக்காவின் கறுப்புக் கரண்டிகள் விற்காமல் கிடந்தன. "படிச்சவங்க எதையாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க" என்று அவர் மட்டும் கறுப்புக் கரண்டியாலேயே தன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

வெளியான கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்ப்பது எசேனத்தின் வழக்கம். அப்போதுதான் பிழை அகப்பட்டது. கரண்டித் துண்டிலிருந்து எடுத்த கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கவைத்துத்தான் இயந்திரத்தில் விடுவோம். வருகிற எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். இயந்திரமே பெருக்கித் தந்ததை இவர் மறுபடியும் பெருக்கிவிட்டார்.

"நஞ்சு இருக்கிறது நிஜம்தானே? பேசாம விடும்மா, மானம் போயிடும்" என்றார் துறைத்தலைவர்.

"நஞ்சு நிஜம் சார், நான் சொன்ன அளவுதான் பொய். இதை மறைச்சா, நாளைக்கு நான் சொல்ற நிஜத்தை எவன் நம்புவான்?"

இதழுக்குத் திருத்தம் அனுப்பினார். அதோடு விட்டாரா? வானொலியில் சொன்னார், பிறகு சந்தைக்கே போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"அக்கா, பத்து மடங்கு கூட்டிச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."

"யாரு கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"நீயே கண்டுபிடிச்சு நீயே வந்து சொல்றியா? உனக்கென்ன பைத்தியமா, டாக்டரம்மா?"

சுற்றியிருந்த கடைகளெல்லாம் சிரித்தன. சிரிக்கட்டுமே! அவர் பக்கத்தில் நின்றதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"சரி, இப்பச் சொல்லு. நஞ்சு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. நான் சொன்ன அளவுக்கு இல்ல. ஆனாலும் இந்தக் கரண்டிய அடுப்புல கொதிக்கிற குழம்புக்குள்ள விடாதீங்க."

கோர்க்கோர் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொதிக்கும் சட்டியிலிருந்து தன் கறுப்புக் கரண்டியை உருவி, துடைத்து, எசேனத்தின் கைப்பைக்குள் போட்டுவிட்டு, மரக்கரண்டி கேட்டுப் பக்கத்துக் கடைப்பக்கம் கையை நீட்டினார்.